கதிரவனில்லமும் அந்திப்பொழுதின் மின்தேவையும்

கூரைமேற் சூரியத் தகடுகளைப் பரப்பிய இல்லம் தனக்கு வேண்டும் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், தகடுகள் மின்சாரத்தை மிகுதியாய்த் தரும் வேளை யாது, இல்லத்தார் அதனை மிகுதியாய் வேண்டும் வேளை யாது என்று வினவுவோர் சிலரே. அவ்விரு வேளைகளும் ஒன்றாகாமையால் விளையும் இடரையும், அதனை நீக்கும் வழியையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மின்சாரம் நெல்லைப்போற் குதிரிலிட்டு வைத்தற்கு எளியதன்று. பெரும்பாலும் ஆக்கிய கணத்திலேயே செலவாதல் வேண்டும். ஆதலின் மின்னிலையம் அமைப்போர் சராசரித் தேவையை மட்டும் நோக்குதல் போதாது. ஆண்டிற் சில மணி நேரமே நேரும் உச்சத் தேவையையும் நோக்கியே அமைத்தல் வேண்டும். அச்சில மணிக்கென நிறுவிய பொறிகள் ஏனைய நாளெல்லாம் வாளா கிடக்கும். அவற்றின் செலவோ எல்லோர் தலையிலும் விழும்.

இதற்குத் தக்க சான்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாகாணமாகும். ஆங்கு நண்பகலிற் சூரியத் தகடுகள் மின்சாரத்தைப் பொழியும். கதிரவன் சாயவே அவை ஓயும்; அவ்வேளையிலேயே பணியினின்று மீளும் மக்கள் விளக்கையும் குளிர்பொறியையும் ஒருங்கே இயக்குவர். கதிரவனும் காற்றும் தருவது போக எஞ்சிய தேவையை மின்னாட்சியாளர் 2013-ஆம் ஆண்டிற் கோடாக வரைந்து வெளியிட்டனர். நண்பகற் பள்ளம் வயிறாகவும் அந்தியின் ஏற்றம் கழுத்தாகவும் தோன்றவே, அது ‘வாத்துக்கோடு’ எனப் பெயர் பெற்றது. 2020 ஆகஸ்டு 14, 15 ஆகிய நாட்களின் மாலையில் அவ்வேற்றத்துக்கு ஈடுகொடுக்க இயலாது, இலட்சக்கணக்கான இணைப்புகளை முறைவைத்துத் துண்டிக்க நேர்ந்தது. 2022 செப்டம்பர் 6 அன்று தேவை 52,061 மெகாவாட் என்னும் அளவை எட்டியது. அம்மாலை மக்களின் கைப்பேசிகளுக்கு, மின்சாரத்தைச் சிக்கனமாய்ச் செலவிடுமாறு அரசினர் செய்தி விடுத்தனர். அரைமணிக்குள் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேற்பட்ட தேவை குறைந்தது; மாகாணம் தழுவிய மின்வெட்டும் நேராது ஒழிந்தது.

இனி, இல்லம் செய்யத்தக்கன யாவை? முதலாவது, வெப்பத்தைப் புகவிடாமை. நண்பகலிற் கூரையும் சுவரும் உண்ட வெப்பம் உடனே உள்ளே வருவதில்லை. மெல்லக் கடந்து மாலையிலேயே அறையை அடைகின்றது. மேற்குச் சாளரத்தில் அந்தி வெயில் தாழ்ந்து வீசுவதால் இறவாரம் அதனைத் தடுக்கமாட்டாது. மரநிழலும் செங்குத்தான மறைப்புமே தடுக்கும். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். சுண்ணாம்பு பூசிய மொட்டைமாடியின் குளிர்ச்சியை நம்மவரும் நன்கறிவர். இரண்டாவது, வேளையை மாற்றுதல். வெந்நீர் காய்ச்சுதலையும் அறையைக் குளிர்வித்தலையும் நண்பகலிலேயே முடித்துக்கொள்ளலாம். தகடுகளை மேற்கு நோக்கி அமைப்பின் ஆண்டு முழுவதற்கும் கிடைக்கும் மின்சாரம் சற்றுக் குறையினும், பிற்பகலில் வேண்டும்போது கிடைக்கும். மூன்றாவது, மின்கலங்களிற் சேமித்தல். 2024-ஆம் ஆண்டில் அம்மாகாணத்து மின்கலங்களின் ஆற்றல் 10,000 மெகாவாட்டைக் கடந்தது.

இம்மூன்றனுள் முதலாவதையே முதலிற் செய்தல் முறை. ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புதல் வீண் அன்றோ? ஓர் இலட்சம் இல்லங்கள் அந்தியில் ஒவ்வொரு கிலோவாட் குறைப்பின் 100 மெகாவாட் மிஞ்சும். அஃது ஒரு சிறு மின்னிலையத்துக்கு ஒப்பாகும். அதற்கு எரிபொருளும் வேண்டா, புகைபோக்கியும் வேண்டா.

ஆர்தர் ரோசன்பெல்டு என்னும் பௌதிகப் பேராசிரியர், 1973 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பெர்க்கிலி நகரில் தம் அறையினின்று புறப்படுமுன் அண்டை அறைகளின் விளக்குகளை அணைக்க முயன்றார். சில ஸ்விச்சுகள் புத்தக அலமாரிகளின் பின்னே மறைந்து கிடந்தன. அவற்றைத் தேடிய அவ்விரவு முதலாக, வீணாகும் மின்சாரத்தைக் காப்பதே அவர்தம் வாழ்நாட் பணியாயிற்று. மாணவ நண்பர்காள்! விடுதி அறையை விட்டு நீங்கும்போது நம் கையும் அந்த ஸ்விச்சை நாடுமாக.