சம்பளக் கணக்குக்கு ஆள் எடுக்கும் முன்

அன்புள்ள கண்ணுக்கு,

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் நல்ல கட்டிங் மாஸ்டருக்காக ஊர் ஊராக அலைவார்கள். சம்பளக் கணக்குக்கு மட்டும், டேலி தெரிந்த பையன் ஒருவன் வந்தால் அன்றைக்கே நாற்காலி போட்டுவிடுவார்கள். முப்பது பேர் வேலை செய்கிற உன் யூனிட்டுக்கும் ஆள் தேடுவதாக உங்கப்பன் சொன்னான். அதனால்தான் பெரியப்பா இதை எழுதுகிறேன்.

கூட்டல் கழித்தலை டேலி பார்த்துக்கொள்ளும். தகராறு பிறப்பது அதற்கு முந்தின இடத்தில். பவர் டேபிள் டெய்லருக்குப் பீஸ் ரேட், செக்கிங் பெண்களுக்கு ஷிப்ட் கூலி, சூப்பர்வைசருக்கு மாதச் சம்பளம். ஒன்றரை ஷிப்ட் ஓட்டியவர், புதன்கிழமை அட்வான்ஸ் வாங்கியவர் எல்லோரும் ஒரே நோட்டில் இருப்பார்கள். அந்த நோட்டில் பழைய வாரம் ஒன்றை எடுத்து, வருகிறவரிடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொல். எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார் என்று பார்க்காதே. எந்த வரியில் நிறுத்தி, "இது என்னங்க?" என்று கேட்கிறார் என்று பார். கேள்வியே கேட்காமல் முடித்துக் கொடுப்பவர் அடித்துவிடுகிற ஆள்.

அடுத்ததாக ஒரு கேள்வி: ஜூன் மாதம் ஒருவர் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டுகிறது, இ.எஸ்.ஐ. பிடித்தத்தை நிறுத்தலாமா? பாதிப்பேர் நிறுத்தலாம் என்பார்கள். கூடாது. ஏப்ரலில் தொடங்கிய பங்களிப்புக் காலம் செப்டம்பரில் முடியும்வரை, தொழிலாளி பங்கு 0.75 சதவீதமும் முதலாளி பங்கு 3.25 சதவீதமும் கட்டியே ஆக வேண்டும்.

"அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, மீதியை அலவன்ஸ் என்று காட்டி பி.எஃப். மிச்சப்படுத்திவிடலாம் சார்" என்று ஒருவர் தன் திறமையாகச் சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு. எல்லோருக்கும் பொதுவாகத் தரும் அலவன்ஸும் பி.எஃப். கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் சம்பளம்தான். யோசனை சொன்னவர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார். வட்டியும் அபராதமும் கட்டுவது நீ.

பெயர் எழுதுவதிலும் கவனம் உள்ளவரா என்று பார். நம் ஊரில் இனிஷியல் பெரிய தொல்லை. ஆதாரில் "முத்துலட்சுமி க" என்றிருக்கும், பி.எஃப். கணக்கில் யாரோ அவசரத்தில் "க" என்பதை அப்பா பெயராக விரித்திருப்பார்கள். அந்தப் பெண் மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போது மனு திரும்பி வரும். சேர்கிற அன்றே ஆதாரைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

முப்பது பேருக்கு முழுநேர ஆள் தேவையா என்பதே சந்தேகம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியவை. அதை மாதக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொடுக்கும் கன்சல்டன்ட்கள் இருக்கிறார்கள். வருகை நோட்டும் பீஸ் கணக்கும் மட்டும் உள்ளே ஒருவர் கையில் இருக்கட்டும். மிச்ச நேரத்தில் அவரே ஸ்டோர் கணக்கையும் பார்க்கலாம்.

யாரை எடுத்தாலும், புதுப் பெயரைப் பட்டியலில் சேர்ப்பவரும் வங்கியில் பணம் அனுப்புபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இல்லாத டெய்லருக்கு மாதக்கணக்கில் கூலி போவது இந்த ஓட்டை வழியாகத்தான். பணம் அனுப்பும் ஓடிபி உன் போனுக்கே வரட்டும். எப்போதாவது ஷிப்ட் நேரத்தில் பட்டியலோடு உள்ளே போய்ப் பெயரையும் ஆளையும் சரிபார். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் நல்ல ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நேர்காணலை வெள்ளிக்கிழமை வை. தேறியவரை மறுநாள் கூலி கொடுத்து வரச்சொல்லி, வாரச் சம்பளப் பட்டுவாடாவில் உட்கார வை. "நாற்பது பீஸ் குறையுதே" என்று ஒரு டெய்லர் சண்டைக்கு வரும்போது, அவர் பதிலுக்குக் கத்துகிறாரா, நோட்டைத் திருப்பிக் காட்டுகிறாரா என்று பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை ஆர்டர் கொடு.

இப்படிக்கு,
பெரியப்பா