தமிழ்ச் சிறுகதைகளில் பெண்மை: காதல், இல்லறம், தாய்மை

முன்னுரை

காதலையும் இல்லறத்தையும் பாடுவதற்கென்றே தனித் திணை வகுத்த மொழி தமிழ். அகத்திணையில் தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், பெற்ற தாயும் வளர்த்த செவிலியும் பேசுவர். ஆனால் அவர்களில் எவருக்கும் பெயர் கிடையாது. அகப்பாட்டில் ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. பெயர் வந்துவிட்டால் ஊர் வரும். ஊர் வந்தால் தொழிலும் கூலியும் கடனும் உடன் வரும்.

இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய தமிழ்ச் சிறுகதை இந்த வேலியைத் தாண்டியது. அதன் தலைவி ஆலைக்கு வேலைக்குப் போனாள். தந்தி கண்டு இரயிலேறினாள். கல்லூரி வாசலில் மழையில் நனைந்தாள். இவ்வாறு வாழ்க்கைக்குள் வந்து நின்ற பெண்ணைச் சில கதைகளின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வறுமையும் கற்பும்

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ 1934-ஆம் ஆண்டு ‘மணிக்கொடி’யில் வெளிவந்தது. ஓரிரு பக்கங்களே கொண்ட கதை. அம்மாளு ஆலைத் தொழிலாளி. அவள் கணவன் முருகேசன் குதிரை வண்டிக்காரன். குடிபோதையில் வண்டியை விரட்டி, அது கவிழ்ந்து, அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும், வீட்டில் காசில்லை. தண்ணீர் எடுக்கச் சென்ற அம்மாளு இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதித்து வருகிறாள்.

இக்கதையைக் கற்பின் வீழ்ச்சி என்று படிப்போர் உண்டு. அவ்வாறு படிப்போர் அவள் எதற்காகச் சென்றாள் என்பதை மறந்துவிடுகின்றனர். கணவன் மீதுள்ள அன்புதான் அவளை அச்சந்துக்கு அனுப்பியது. கற்பின் பயன் கணவனைக் காப்பதே என்றால், காப்பதற்கு அவளிடம் வேறு என்ன இருந்தது? இவ்வினாவை வாசகனிடம் விட்டுவிட்டு ஆசிரியர் விலகிக் கொள்கிறார்.

இதே வினாவை அவர் 1943-இல் ‘சாப விமோசனம்’ கதையில் வேறு உயரத்தில் எழுப்புகிறார். இராமன் கால்பட்டுக் கல்லிலிருந்து மீண்டவள் அகலிகை. அதே இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்பதைச் சீதையின் வாயாலேயே கேட்டதும், அவள் மீண்டும் கல்லாகிறாள். தன்னை மன்னித்த நீதி வேறொருத்திக்கு மறுக்கப்படுவதை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு பெண்ணின் துயரத்தில் இன்னொரு பெண் கொள்ளும் பங்கு இது. இதனைத் தமிழ்ச் சிறுகதையின் சிகரங்களில் ஒன்று எனலாம்.

இல்லறத்தின் இருள்

கு. ப. ராஜகோபாலன் (1902–1944) குரலை உயர்த்தாமல் எழுதியவர். அவருடைய ‘விடியுமா?’ ஓர் இரவுப் பயணக் கதை. சென்னையில் கணவன் அபாய நிலையில் இருப்பதாகக் கும்பகோணத்துக்குத் தந்தி வருகிறது. குஞ்சம்மாள் தம்பியுடன் இரயிலேறுகிறாள். கதையைத் தம்பியே சொல்கிறான். அவளுடைய மணவாழ்வு இன்பமாக அமைந்ததன்று என்பது இடையிடையே நமக்குத் தெரிய வருகிறது. அச்சம் ஒரு புறம் இருக்க, இரவு செல்லச் செல்ல அவளிடம் இனம்புரியாத ஒரு தெளிவும் வந்து சேர்கிறது. விடிந்தபோது கணவன் இறந்துவிட்ட செய்தி கிடைக்கிறது.

அன்பு காட்டாத கணவனுக்காக ஒரு மனைவி அழுவது எத்தகையது? அதில் துக்கம் எவ்வளவு, கடமை எவ்வளவு, சொல்லக் கூசுகின்ற ஆறுதல் எவ்வளவு? ஒப்பாரியில் இதைப் பாட இயலாது. உறவினர் நடுவே சொல்லவும் இயலாது. சொல்ல முடியாத இதனைச் சொல்வதற்குச் சிறுகதையில் ஓர் இடம் கிடைத்தது. அவளைக் குற்றவாளியாக்காமல் ஆசிரியர் அவ்விடத்தைத் தந்தார்.

இரண்டு தாயர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன், நம் பழைய தென்னார்க்காடு மாவட்டம் தந்த எழுத்தாளர். அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் ‘ஆனந்த விகட’னில் வெளியாகிப் பெரும் விவாதத்தை எழுப்பியது. மழையில் நின்ற கல்லூரி மாணவியை ஒருவன் காரில் ஏற்றிச் செல்கிறான். அவள் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். நிகழ்ந்ததை அறிந்த தாய், மகள் தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள். இனி நீ தூய்மையானவள் என்று தேற்றுகிறாள். தலைப்பு நெருப்பைச் சொல்கிறது. தாயின் கையில் இருப்பதோ நீர். சீதைக்குக் கிட்டாத கருணை, படிப்பறிவு குறைந்த ஓர் ஏழைத் தாயிடமிருந்து அப்பெண்ணுக்குக் கிட்டுகிறது.

அந்தத் தாய் வேறுவிதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் ஜெயகாந்தனே எழுதினார். அதுவே 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல்.

இதற்கு எதிர்முனையில் நிற்பது அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’. 1976-இல் வந்த ‘சிறகுகள் முறியும்’ தொகுதியில் இடம்பெற்ற கதை. தாய் ஊரில் இல்லாத நாளில் ஒரு சிறுமி பூப்பெய்துகிறாள். சுற்றியுள்ளோர் பேச்சு அவளை மிரட்டுகிறது. அம்மா வந்து விளக்குவாள், அணைத்துக் கொள்வாள் என்று காத்திருக்கிறாள். தங்கை மகளைக் கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் மறுத்துவிட்ட வேதனையோடு அம்மா திரும்புகிறாள். இவளும் கறுப்புதான். இந்தச் சுமைக்கு இப்போது என்ன அவசரம் என்ற பொருளில் ஒரு சொல் அவள் வாயிலிருந்து விழுகிறது. கொலை என்பது அந்தச் சொல்லே.

இவ்விரு தாயரையும் நல்லவள், தீயவள் என்று பிரித்தல் பிழையாகும். கொன்ற தாயும் மகள்மீது உயிரையே வைத்தவள். பெண்ணின் நிறத்துக்கு விலை பேசும் திருமணச் சந்தையே அவள் வாய்வழியாகப் பேசியது. தாய்மை தெய்வத்தன்மை என்று மேடையில் முழங்குவது எளிது. ஒரு தாய் சமூகத்தின் குரலாக மாறும் கணத்தையும், சமூகத்தை மீறி மகளின் பக்கம் நிற்கும் கணத்தையும் காட்டுவது அரிது. அவ்வருஞ்செயலை இவ்விரு கதைகளும் செய்திருக்கின்றன.

பெற்றவன்

மகள் காதலனுடன் சென்ற ‘உடன்போக்கு’த் துறையில் சங்கப் பாடல்கள் நற்றாயையும் செவிலியையும் புலம்ப வைத்தன. தந்தைக்கு அங்குப் பேச்சில்லை. விருத்தாசலம் வட்டார வாழ்வை எழுதிவரும் இமையம், 2012-இல் வெளிவந்த ‘பெத்தவன்’ நெடுங்கதையில் அந்தத் தந்தையைப் பேச வைக்கிறார். தலித் இளைஞனைக் காதலித்த மகள் பாக்கியத்தைக் கொன்றுவிடும்படி ஊர்க்கூட்டம் தந்தை பழனிக்கு ஆணையிடுகிறது. ஒப்புக்கொண்டு வந்த பழனி, அன்றிரவு மகளை அவள் விரும்பியவனிடம் போகுமாறு அனுப்பிவிட்டுத் தன் உயிரை மாய்த்துக் கொள்கிறான். தாய்மை என நாம் போற்றும் பண்பு பெண்ணுக்கு மட்டும் உரியதன்று என்பதை இக்கதை உணர்த்துகிறது. மகள் வாழ்வதற்கு ஓர் உயிர் விலையாக வேண்டியிருந்தது என்பதே நாம் நாணவேண்டிய செய்தி.

முடிவுரை

2024 ஜூன் மாதம், நம் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். செய்தித்தாள்கள் எண்ணிக்கையை எழுதின. அது அவற்றின் கடமை. அந்த எண்ணுக்குப் பின்னால் மறுநாள் காலை அடுப்பு மூட்டியவள் யார், பிள்ளைக்கு என்ன சொன்னாள், எதை நினைத்து அழுதாள், எதை யாரிடமும் சொல்லவில்லை என்பவற்றை எண்ணிக்கை சொல்லாது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அம்மாளுவின் கதையும் கணவனின் குடியில்தான் தொடங்குகிறது.

நண்பர்களே! நம் வகுப்புகளில் சிறுகதையைத் தேர்வுக்குரிய வினாவாகவே பெரும்பாலும் படிக்கிறோம். அதனை நம் தெருவைக் காணும் கண்ணாகக் கொள்வோம். கொள்பவர்க்கு ஒரு கடமையும் உண்டு. துன்புற்றவரின் பெயரைச் சந்தையில் வைக்காமல், அவர் மனத்தை மட்டும் எழுத வேண்டும். பெயர் சுட்டாத அகமரபு நமக்கு இன்றும் பயன்படுவது அந்த இடத்தில்தான். கோமுகி ஆற்றங்கரையிலும் கல்வராயன் மலைச்சரிவிலும் எழுதப்படாத தலைவியர் பலர் இருக்கின்றனர். அவர்களைத் தீர்ப்புக் கூறாமல் கேட்கத் தெரிந்த ஒருவர் நம்மிடையே இருந்து எழுதுவாராக!