பலியாக வரும் சிப்பாய்

சென்ற ஆண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு சதுரங்கப் போட்டிக்கு நம் மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தோம். அவர்களுள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், எதிராளியைவிட இரண்டு சிப்பாய்கள் கூடுதலாக வைத்திருந்தும் தோற்றான். பெக்கோக் வந்து சேரும்வரை வேனில் அவன் வாய் திறக்கவில்லை. மறுநாள், "நான்தானே ஐயா அதிகம் வெட்டினேன்?" என்று கேட்டான். அவ்வினாவின் பொருட்டே இதனை எழுதுகிறோம். பலகையில் காய்களை அடுக்கி வைத்துக்கொண்டு படித்தல் நலம். பலகை இல்லாத வீட்டில் அட்டையில் கட்டம் வரைந்துகொண்டாலும் போதும்.

ஆட்டத் தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயை வேண்டுமென்றே பலி கொடுத்து, எதிராளி அதனை வெட்டும் நேரத்தில் தம் படையை விரைந்து வெளிக்கொணர்வதைக் 'காம்பிட்' என்பர். அவற்றுள் புகழ்பெற்றது எவான்ஸ் காம்பிட். வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த வில்லியம் டேவிஸ் எவான்ஸ் என்னும் கப்பல் தலைவர் 1820-களில் கண்டறிந்தது அது.

இருவரும் அரசன் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகின்றனர். வெள்ளைக் குதிரை எஃப்3-க்கும், கறுப்புக் குதிரை சி6-க்கும் வருகின்றன. வெள்ளை மந்திரி சி4-இலும் கறுப்பு மந்திரி சி5-இலும் வந்து நிற்கின்றன. அப்போது வெள்ளை ஆடுபவர் பி4 கட்டத்திற்குச் சிப்பாயைத் தள்ளுகிறார். கறுப்பு மந்திரி அதனை வெட்டியவுடன், சி3-க்கு வரும் சிப்பாய் அம்மந்திரியை விரட்டுகிறது. மந்திரி ஓடி ஒளிவதற்குள் டி4-இலும் ஒரு சிப்பாய் ஏறிவிடும். நடுக்கட்டங்கள் வெள்ளையின் வசமாகிவிடும்.

இதில் சிக்கியவர் நம் மாணவன் மட்டுமல்லன். 1995-இல் ரீகா நகரில் நடந்த தால் நினைவுப் போட்டியில் காஸ்பரோவ் இதே ஆட்டத்தை நம் விசுவநாதன் ஆனந்துக்கு எதிராக ஆடினார். (சிறுவனாக இருந்தபோது ஆனந்த் பயின்ற சென்னைச் சதுரங்கக் கழகமும் தால் பெயரையே தாங்கியிருந்தது!) காஸ்பரோவின் அரசி ஜி3-இல் நின்று ஜி7 சிப்பாயைக் குறிவைத்தது. ஆனந்த் அச்சிப்பாயை ஜி6-க்குத் தள்ள நேர்ந்தது. அதனால் விழுந்த ஓட்டை வழியே வெள்ளை மந்திரி எச்6-இல் புகுந்து எஃப்8 கட்டத்தைத் தாக்கியது. தாக்கப்படும் கட்டத்தைக் கடந்து அரசன் கோட்டை கட்ட முடியாது என்பது விதியல்லவா? ஆனந்த் இரண்டாவது சிப்பாயையும் வெட்டினார். ஆயினும் அவருடைய அரசன் நடுவிலேயே அகப்பட்டுக்கொண்டான். இரு யானைகளும் மூலையை விட்டு அசையவே இல்லை. இருபத்தைந்தாவது நகர்த்தலில் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டபோது, அவரிடமும் இரண்டு சிப்பாய்கள் கூடுதலாகவே இருந்தன. இதைக் கேட்டதும் நம் மாணவன் முகத்தில் வந்த ஒளியை என்னென்பது!

பின்னர் மாற்றுவழியைக் காட்டினோம். 1894 முதல் 1921 வரை உலக வீரராக விளங்கிய இமானுவேல் லாஸ்கரின் பெயரால் அது வழங்குகிறது. விரட்டப்பட்ட மந்திரி ஏ5-க்குச் செல்கிறது. வெள்ளை அரசன் கோட்டை கட்டுகிறான். கறுப்புச் சிப்பாய் டி6-இல் வந்து நிற்கிறது. வெள்ளை டி4 தள்ளியதும் மந்திரி பி6-க்கு ஒதுங்குகிறது. இனி நடுச் சிப்பாய்களை வெட்டி அரசிகளையும் மாற்றிக்கொண்டால், வெள்ளை தான் இழந்த சிப்பாயை ஈ5-இல் திரும்பப் பெறலாம். பெறட்டும். அரசிகள் இல்லாத பலகையில் தாக்குதலின் வேகம் அடங்கிவிடும். வெள்ளையின் ஏ2, சி3 சிப்பாய்களோ ஒன்றுக்கொன்று துணையின்றித் தனித்து நிற்கும். பி4 சிப்பாயை வெட்டாமலே பி6-க்கு ஒதுங்குவாரும் உளர், அதுவும் தவறன்று. எமக்கு லாஸ்கரின் வழியே பிடித்திருக்கிறது.

"கையில் வந்ததை ஏன் ஐயா திருப்பிக் கொடுக்க வேண்டும்?" என்று முதலில் முரண்டியவன் இப்போது தயங்காமல் கொடுக்கிறான். மாலையில் தோட்டத்திலிருந்து திரும்பும் அவன் தந்தையார்தாம் வெள்ளைக் காய்களைப் பிடிக்கிறாராம். பி4 தள்ளுவதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி என்று கேள்வி.