இரண்டு பேரையும் கேள்

அன்புள்ள கயல்,

நரம்பியல் ஓ.பி.யில் உனக்கு வந்த குழப்பத்தை எழுதியிருந்தாய். எழுபதைத் தாண்டிய பெரியவர், "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். கூட வந்த மனைவி, "அப்படித்தான் சொல்லுவார், வீட்டுல வந்து பாருங்க" என்கிறார். யாரை நம்புவது என்று கேட்கிறாய். இருவரையும் நம்பு. ஆனால் இருவரிடமும் வேறு வேறு கேள்வி கேள்.

அவருடைய எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைத் திட்டுகள் நிறைய இருந்தன என்று சொன்னாய். கட்டுப்படாத பிரஷரும் சுகரும் பல ஆண்டுகளாக மூளையின் ஆழத்திலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுத்ததன் தடயம் அது. முன்மூளையை மற்ற பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகள் அந்த வழியாகத்தான் போகின்றன. அல்சைமர் நோயில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது நினைவு. இந்தச் சிறு ரத்தக்குழாய் நோயிலோ வேகம், திட்டமிடுதல், தானாக ஒரு வேலையைத் தொடங்கும் முனைப்பு ஆகியவை முதலில் குறைகின்றன. ஆகவே "மறதி இருக்கா?" என்று கேட்டால் அவர் இல்லை என்றுதான் சொல்வார். அது பொய்யும் இல்லை; பேத்தியின் கல்யாணத் தேதி அவருக்கு நன்றாக நினைவிருக்கும்.

என்னிடம் வந்த ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவரின் மனைவி சொன்னதை உனக்குச் சொல்கிறேன். "காபி போடறேன்னு பாலை அடுப்புல வைப்பார். பொங்கி வழியும். பக்கத்துலயேதான் நிப்பார். அணைங்கன்னு சொன்னா உடனே அணைச்சிடுவார். ஆனா சொல்லணும்." அந்த 'சொல்லணும்' எனக்கு ஸ்கேன் அளவுக்கு உதவியது. அவரைக் கடிகாரம் வரையச் சொன்னேன். பன்னிரண்டு எண்களையும் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டு, சரியாக இருக்கிறது என்று நிதானமாகக் காகிதத்தை நீட்டினார். அவர் எதையும் மறைக்கவில்லை. தன் பிழையைத் தானே கண்டுகொள்வதும் முன்மூளையின் வேலைதான். அந்த வேலையும் அவருக்குக் குறைந்திருந்தது. 'நோயாளி மறுக்கிறார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதை நான் விரும்பாததற்குக் காரணம் இதுதான். மறுப்பு என்று எழுதினால் பழி அவர் மேல் விழுகிறது.

இதற்கு நேர்மாறானவர்களும் வருவார்கள். "பேர் எதுவும் ஞாபகம் வரமாட்டேங்குது" என்று கண் கலங்குவார்கள். சோதனையில் மதிப்பெண் நன்றாகவே இருக்கும். அப்போது தூக்கம், பசி, மனச்சோர்வு பற்றிக் கேள். தன் மறதி பற்றிய புகார் பலரிடம் மனச்சோர்வோடு சேர்ந்தே வருகிறது, சிறு ரத்தக்குழாய் நோயில் மனச்சோர்வும் அதிகம். ஆனால் அதோடு கோப்பை மூடிவிடாதே. நன்றாகப் படித்து வேலை பார்த்தவருக்குத் தன் வேகம் குறைவது நம் சோதனைத்தாளுக்குத் தெரியும் முன்பே தெரிந்துவிடலாம். சில மாதம் கழித்து அவரை மறுபடி வரச் சொல்.

குடும்பத்தார் சொல்வதை முறையாகக் கேட்க ஒரு வினாத்தாள் உண்டு. 1989-ல் ஆஸ்திரேலியாவில் ஆந்தனி ஜோர்ம் சக ஆய்வாளருடன் உருவாக்கிய ஐ.க்யூ.கோட். அதன் சுருக்க வடிவில் 16 கேள்விகள். பத்து ஆண்டுக்கு முன் இருந்ததைவிட இப்போது எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பிட வேண்டும். 3 என்றால் மாற்றமில்லை. அவரை அவரோடேயே ஒப்பிடுவதால், பள்ளிக்கூடம் போகாதவருக்கும் அது பெரும்பாலும் அநியாயம் செய்வதில்லை. நம் ஊர் ஓ.பி.க்கு இது பெரிய வசதி.

ஆனால் சொல்பவரின் மனமும் அந்த மதிப்பெண்ணில் கலந்துவிடும். இரவெல்லாம் கண் விழித்துக் களைத்த மருமகள் கூட்டிச் சொல்லலாம். வெளியூரிலிருந்து போனில் மட்டும் பேசும் மகன், "அப்பா நல்லாத்தானே பேசறார்" என்பான். கூடவே வாழும் மனைவிக்கும் ஒன்று தப்பிப் போகும்: பேங்க் வேலை, மாத்திரை டப்பா, கரண்ட் பில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தான் எடுத்துக்கொண்டதை அவர் கவனித்திருக்கவே மாட்டார். எனவே "மறதி இருக்கா" என்பதை விட்டுவிடு. "முன்பு அவர் செய்த எந்த வேலையை இப்போது நீங்கள் செய்கிறீர்கள், எப்போதிலிருந்து?" என்று கேள். நடை சின்னச் சின்ன அடியாகிவிட்டதா, சிறுநீர் அவசரம் உண்டா என்றும் கேள். கூச்சத்தில் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

முதலில் பெரியவரிடம் பேசு, அவர் முகத்தைப் பார்த்து. பிறகு, "அம்மாகிட்டயும் கொஞ்சம் பேசட்டுமா?" என்று அவரிடமே அனுமதி கேள். அவர் அங்கே இருக்கும்போதே இல்லாதவரைப் போல அவரைப் பற்றிப் பேசுவது நம் ஓ.பி.க்களில் தினமும் நடக்கும் கொடுமை. நீ அதைச் செய்யாதே. இருவர் சொன்னதையும் தனித்தனியே, அவரவர் வார்த்தையிலேயே, யார் சொன்னது, என்ன உறவு, கூட வாழ்கிறாரா என்பதோடு எழுது. இருவர் பேச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தை அடுத்த முறை வரும்போதும் பார். அது வளர்ந்துகொண்டே போனால், மனைவியிடம் பிரஷர் மாத்திரையின் பொறுப்பைக் கொடுத்துவிடு, நேரத்தைத் தாளில் எழுதி.

அன்புடன்,
மாமா