பக்கத்து இருக்கை

இந்தியாவில் மத்திய அரசுப் பணியில் இருப்போர் பலர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் பெறுகின்றனர். படைவீரர், தொடர்வண்டித் துறையினர், வங்கி ஊழியர் எனப் பலருடைய குடும்பங்களும் பெட்டி படுக்கைகளுடன் ஊர்விட்டு ஊர் செல்கின்றன. இத்தகையோர் பிள்ளைகளின் கல்வி இடையில் அறுந்துவிடலாகாது என்னும் நோக்கத்துடன் 1963ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டவையே மத்தியப் பள்ளிகள். கேந்திரிய வித்யாலயங்கள் என இன்று அறியப்படுபவை இவையே. படைப்பிரிவுகள் நடத்திவந்த 20 பள்ளிகளைக் கொண்டு தொடங்கிய இவ்வமைப்பில் இன்று 1,200க்கும் மேற்பட்ட பள்ளிகள் உள்ளன. ஆவடியில் படிக்கும் பாடநூலே ஜபல்பூரிலும் படிக்கப்படுகிறது. சிவாஜி, தாகூர், அசோகா, இராமன் என்னும் நான்கு இல்லங்களின் பெயர்கள்கூடப் பல ஊர்களிலும் ஒன்றாகவே இருக்கின்றன.

பாடநூல் மாறவில்லை, பள்ளியின் பெயரும் மாறவில்லை. ஆயினும் புதிய ஊரின் வகுப்பறைக்குள் அடியெடுத்து வைக்கும் பிள்ளைக்கு எல்லாமே மாறியதாகத் தோன்றுகிறது. மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் மாற்றுச் சான்றிதழோடு வந்து சேர்ந்துவிடும். நட்பு அவ்வாறு வந்து சேர்வதில்லை.

ஆவடியிலிருந்து ஜபல்பூருக்குச் செல்லும் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். இரு நகரங்களிலும் படைத்துறைக்குரிய வாகனத் தொழிற்சாலைகள் உண்டு. ஆகவே இத்தகைய இடப்பெயர்ச்சி அரிதானதன்று. கணக்கில் அவள் தேர்ந்தவள். ஆனால் புதிய வகுப்பில் பாடநூல் தவிர்ந்த பேச்சு பெரும்பாலும் இந்தியில் நிகழ்கிறது. பாடம் முடிந்ததும் ஆசிரியர் "புரிந்ததா?" என்று வினவுகிறார். அனைவரும் "ஆம்" என்கின்றனர். அவளும் "ஆம்" என்கிறாள். புரியவில்லை என்று சொல்வதற்குரிய சொற்களும் அவளிடம் இல்லை. இரண்டு வாரங்களில் அவளுக்கு 'அமைதியானவள்' என்னும் பெயர் கிடைக்கிறது. அடுத்த தேர்வு முடிந்ததும் அதுவே 'மந்தமானவள்' என்று மாறிவிடக்கூடும். இடம்பெயர்ந்த பிள்ளைகள் பலர் அறிவுக் குறைவால் பின்தங்குவதில்லை. வாய்திறவாமையால் அவ்வாறு மதிக்கப்பட்டுப் பின்தங்குகின்றனர்.

புதிய மொழி தெரியாமல் இருப்பது ஒரு துன்பம். தெரிந்ததுபோல் ஒலித்து ஏமாற்றுவது மற்றொரு துன்பம். இந்தியில் 'மோர்' என்றால் மயில். 'காய்' என்று தமிழ்ச் செவியில் விழும் சொல்லுக்குப் பசு என்று பொருள். 'பால்' என்பது தலைமுடி. 'கல்' என்பதோ நேற்று, நாளை ஆகிய இரண்டையும் குறிக்கும்! மோர் தோகை விரித்து ஆடியது என்று கேட்கும் தமிழ்ப் பிள்ளை திகைப்பதில் வியப்பில்லை. தமிழில் ககரம் ஒன்றே. இந்தியிலோ அவ்வரிசையில் நான்கு எழுத்துகள் உள்ளன. அதனால் உணவைக் குறிக்கும் சொல்லும் பாட்டைக் குறிக்கும் சொல்லும் தமிழெழுத்தில் 'கானா' என்றே அமைகின்றன. மதிய இடைவேளையில் உணவு உண்டதைச் சொல்ல முயன்று, பாட்டை உண்டதாகச் சொல்லிவிட்டால் வகுப்பே சிரிக்கும். அச்சிரிப்பில் பகைமை சிறிதும் இல்லாதிருக்கலாம். ஆயினும் சிரிக்கப்பட்ட பிள்ளை மீண்டும் வாய்திறக்கப் பல நாள்கள் ஆகும்.

இந்நிலையில் வகுப்பு முழுவதும் கூடி வரவேற்க வேண்டுவதில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஒருவர் போதும்.

ஆசிரியர் திருத்துவதற்கும் தோழி திருத்துவதற்கும் வேறுபாடு உண்டு. ஆசிரியரின் திருத்தம் வகுப்பு முழுமைக்கும் கேட்கும். தோழியின் திருத்தம் ஒரு செவிக்கு மட்டுமே கேட்கும். மேலும், சில செய்திகள் விதியாகச் சொன்னால் விளங்குவதில்லை. இந்தியில் நாற்காலி பெண்பால், மின்விசிறி ஆண்பால். அஃறிணைப் பொருள்களை ஆண், பெண் எனப் பகுக்காத தமிழில் வளர்ந்த பிள்ளைக்கு இது காதால் கேட்டுக் கேட்டே பழக வேண்டிய ஒன்று. நாள்தோறும் அத்தனை முறை பேசுவதற்கு ஆசிரியருக்கு நேரம் இராது. உடன் விளையாடுவோருக்கே அந்நேரம் உண்டு. பாட வேளையில் பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லக் கேட்கும் ஐயத்தை எல்லாம் வீண்பேச்சு என்று கருதிவிட முடியாது. அவற்றுட் சில, அந்நாளில் அப்பிள்ளை உண்மையிலேயே கற்ற பாடமாக இருக்கக்கூடும்.

எந்தப் பாடநூலிலும் எழுதப்படாத செய்திகளும் ஒவ்வொரு பள்ளியிலும் உண்டு. காலை வழிபாட்டில் எங்கே நிற்பது, நூலக வேளை எந்நாளில் வருகிறது, எந்த ஆசிரியர் குறிப்பேட்டில் ஓரக்கோடு இல்லையெனில் சினம் கொள்வார், ஏப்ரல் வெயிலில் எந்த மரத்தடியில் நிழல் இருக்கும் என்பவற்றை அறியாத பிள்ளை நாள் முழுவதும் தவறு செய்துவிடுவோமோ என்னும் அச்சத்துடன் இருக்கும். ஒரு தோழி இவற்றை ஒரே நாளில் சொல்லிவிடுவாள்.

நட்பு பெரும்பாலும் தொடங்கும் இடம் விளையாட்டுத் திடலே. தமிழ்நாட்டுச் சிறுவர் ஆடும் ஏழாங்கல் வடஇந்தியாவில் பிட்டூ என்றும், மராட்டியத்திலும் கருநாடகத்திலும் லகோரி என்றும் வழங்குகிறது. கிட்டிப்புள் அங்கே கில்லி தண்டா. பாண்டியாட்டம் தில்லியில் ஸ்டாபூ. வங்காளத்தில் எக்கா தொக்கா. பெயர்தான் வேறு. அடுக்கிய கற்களைப் பந்தெறிந்து கலைப்பதும், எதிரணியின் பந்து மேலே படுவதற்குள் மீண்டும் அடுக்கி முடிப்பதும் எல்லா ஊருக்கும் பொது. வகுப்பறையில் சொல் கிடைக்காமல் தவித்த பிள்ளை, திடலில் முதல் எறியிலேயே கற்களைச் சிதறடிக்கிறது. மறுநாள் அணி பிரிக்கும்போது அப்பிள்ளையின் பெயர் முதலில் அழைக்கப்படுகிறது. அவ்வாறு அழைப்பதற்காகவேனும் அதன் பெயரைச் சரியாக உச்சரிக்க மற்றவர்கள் கற்றுக்கொள்கின்றனர். புதிய பிள்ளைக்கு இது சிறிய பேறன்று.

உதவி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருமாயின் அது இரக்கமாகிவிடும். இருபுறமும் கொடுக்கல் வாங்கல் உண்டாகும்போதே நட்பு உண்டாகிறது. உணவுப் பெட்டிகள் திறக்கப்படும்போது இது தொடங்குவதைக் காணலாம். மத்தியப் பிரதேசத்துத் தோழியின் பெட்டியில் இருக்கும் போஹா, தன் வீட்டு அவலே என்பதைத் தமிழ்ச் சிறுமி கண்டுகொள்கிறாள். தன் புளிச்சோற்றைப் பகிர்ந்தளிக்கிறாள். இந்தியில் அரிசிக்கும் சோற்றுக்கும் 'சாவல்' என்னும் ஒரே சொல் வழங்குவதைக் கேட்டு, வயலில் நெல், கடையில் அரிசி, தட்டில் சோறு என மூன்று சொற்களைக் கற்பிக்கிறாள். அடுத்து 'பழம்' என்று சொல்லச் சொல்கிறாள். இப்போது நாக்குப் புரளாமல் தவிப்பது தோழியின் முறை! பிழை செய்வது தனக்கு மட்டுமே உரியதன்று என்பதைப் புதிய பிள்ளை அறியும் நேரம் அது. அன்றைய சிரிப்பு முன்பு வகுப்பில் எழுந்த சிரிப்பினின்றும் வேறானது.

இதில் மற்றொரு பயனும் உண்டு. புதிய ஊரில் கேலிக்கு அஞ்சும் பிள்ளைகள் சிலர், இட்லி வைக்க வேண்டாம் என்று தாயிடம் மன்றாடுகின்றனர். பள்ளி வாயிலில் தமிழில் பேச வேண்டாம் என்கின்றனர். தமிழ் விருப்பப்பாட வகுப்பிற்குச் செல்லவும் நாணுகின்றனர். பெற்றோர் எவ்வளவு எடுத்துரைத்தாலும் இந்நாணம் எளிதில் அகலாது. "இதை உங்கள் மொழியில் எப்படி எழுதுவீர்கள்?" என்று ஒரு நண்பர் ஆவலுடன் கேட்கும் ஒரு கேள்வி அதனை அகற்றிவிடக்கூடும். தன் பெயரைத் தமிழில் எழுதித் தருமாறு குறிப்பேட்டை நீட்டும் தோழன், அம்மொழிக்கு வகுப்பில் ஒரு மதிப்பைத் தந்துவிடுகிறான்.

தமிழ்ப் பிள்ளைகள் தமக்குள் கூடிக்கொள்வதும் இயல்பே. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. தாராவி போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. முதல் வாரத்தில் தாய்மொழியில் வழிகாட்டும் மூத்த மாணவர் ஒருவர் கிடைப்பது பெரும் ஆறுதலாகும். ஆயின் நட்பு அவ்வட்டத்தோடு நின்றுவிடுமானால், அதுவே வேலியாகிவிடும். ஈராண்டு வாழ்ந்தும் கடைக்காரரிடம் பென்சில் ஒன்று கேட்டு வாங்க இயலாத பிள்ளைகள் உருவாவது இவ்வாறே. தமிழ் பேசும் தோழர் ஒருவர், அவ்வூர் மொழி பேசும் தோழர் ஒருவர் என இருவரும் வேண்டும்.

பணிமாற்ற ஆணையோடு செல்வோர் ஒரு வகையினர். அத்தகைய ஆணை ஏதுமின்றி வேலை தேடிச் செல்வோர் மிகப் பலர். 2011 முதல் 2016 வரை ஆண்டுதோறும் ஏறத்தாழ 90 இலட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் சென்றதாக 2016-17ஆம் ஆண்டின் இந்தியப் பொருளாதார ஆய்வறிக்கை மதிப்பிட்டது. மேற்கு ஒடிசாவிலிருந்து திருவள்ளூர்ப் பகுதிச் செங்கற்சூளைகளுக்கு வரும் குடும்பங்கள் சில திங்கள் மட்டுமே தங்கி, மழைக்கு முன் ஊர் திரும்புகின்றன. அக்குழந்தைகளுக்குப் புரியாத மொழி தமிழே. பக்கத்து இருக்கையில் இருப்பது தமிழ்க் குழந்தை. குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுத்தலாகாது என்றும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்திட வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் தொடங்கிய ரோஷ்ணி திட்டம், குழந்தைகளின் தாய்மொழி அறிந்த தன்னார்வலர்களைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. வகுப்பில் சேர்க்கும் கடமை சட்டத்திற்கு உண்டு. உணவு இடைவேளையில் அருகில் வந்து அமருமாறு அது எவரையும் பணிக்க இயலாது.

மூன்று, நான்கு பள்ளிகள் மாறிய பிள்ளைகளிடம் ஒரு தயக்கம் காணப்படுகிறது. ஈராண்டில் பிரியப் போகிறோமே, நட்பு எதற்கு என்று அவர்கள் எண்ணுகின்றனர். பிரிவின் வலியை அறிந்தவர்களின் எண்ணம் அது. அதனை எளிதில் குறைகூற இயலாது. ஆயினும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் நேரில் காணாமலே நண்பராய் இருந்தனர் என்பது தமிழர் போற்றிவரும் செய்தி. இன்றைய பிள்ளைகளுக்குத் தொலைபேசியும் உண்டு. அன்றியும், ஓர் ஊரில் கிடைத்த நட்பு அவ்வூரோடு முடிந்துவிடுவதில்லை. ஒருமுறை புதியவராய் நின்றவர், அடுத்த ஆண்டு வகுப்பறை வாயிலில் தயங்கி நிற்கும் மற்றொரு புதியவரை எல்லோருக்கும் முன்னதாகக் கண்டுகொள்கிறார். பக்கத்து இருக்கையில் வைத்திருந்த தம் புத்தகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சற்றே நகர்ந்து அமர்கிறார்.

பயிற்சி

1. 'அமைதியானவள்' என்னும் பெயர் 'மந்தமானவள்' என்று மாறுவது எவ்வாறு? பாடப்பகுதி கொண்டு விளக்குக.

2. ஆசிரியரின் திருத்தத்திற்கும் தோழியின் திருத்தத்திற்கும் பாடம் கூறும் வேறுபாடு யாது?

3. தமிழ்ப் பிள்ளைகள் தமக்குள் மட்டுமே பழகுவது குறித்துப் பாடம் கூறும் கருத்தை நீ ஏற்கின்றாயா? காரணம் எழுதுக.

4. நீ வாழும் ஊரின் மொழியில், தமிழ்ச் சொல்லைப் போல ஒலித்து வேறு பொருள் தரும் ஐந்து சொற்களைத் தொகுத்து எழுதுக. உன் வகுப்புத் தோழரின் உதவியைப் பெறலாம்.