கல்லாவில் உட்கார்ந்தவன் எழுதுவது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. முதல் சம்பளத்தில் ஆபீஸ் ஆட்களை ஓட்டலுக்குக் கூட்டிப்போகப் போகிறாயாம். முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று யூடியூபில் பார்த்துக்கொண்டிருக்கிறாயாம். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். அது பத்து நிமிஷத்தில் வந்துவிடும். வராவிட்டால் கையால் சாப்பிடு, யாரும் உன்னை வெளியே அனுப்ப மாட்டார்கள். ஓட்டல் கல்லாவில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். அங்கிருந்து பார்க்கும்போது எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் வேறு சங்கதிகள்.

முதலில் சர்வரைக் கூப்பிடுவது. சொடக்குப் போடுவான் ஒருவன், டம்ளரை மேசையில் தட்டுவான் இன்னொருவன். 1964-இல் நாகேஷ் சினிமாவில் 'சர்வர் சுந்தரம்' ஆக வந்தபோது தமிழ்நாடே கைதட்டியது. அதே கையைத் தட்டித்தான் இன்றும் ஓட்டலில் சர்வரைக் கூப்பிடுகிறோம்! மூத்தவர் என்றால் 'அண்ணே', இளையவர் என்றால் 'தம்பி'. ஒரு நிமிஷம் அவர் கண் உன் பக்கம் திரும்பும்வரை பொறு, போதும். இப்போது பல ஓட்டல்களில் பரிமாறுகிற பையன்கள் பீகார், ஒடிசா, அசாம், நேபாளம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். 'கெட்டிச் சட்னியா, தண்ணிச் சட்னியா' என்று தட்டுத்தடுமாறிக் கேட்பார்கள். அந்தத் தமிழை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டி மேசை மொத்தமும் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் பதிலுக்குச் சிரிப்பான், முறைத்தால் வேலை போய்விடுமே! திருப்பிப் பேச முடியாத இடத்தில் நிற்கிறவனிடம் வாயைக் காட்டுவதுதான் ஓட்டலில் நடக்கும் அசிங்கங்களிலேயே பெரியது. உன் கூட வந்தவன் அப்படிச் செய்தால் நீ சிரிக்காதே. ட்ரீட் கொடுக்கிறவன் சிரிக்கவில்லை என்றால் மற்றவர்களும் அடங்கிவிடுவார்கள்.

ஆர்டர் சொல்வதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. எட்டுப் பேர் போனால் எட்டுப் பேரும் முடிவு செய்துகொண்டு ஒரே தடவையில் சொல்லுங்கள். ஒருவன் நெய் ரோஸ்ட் சொல்லி, அது கல்லில் பாதி வெந்தபிறகு இன்னொருவன் 'எனக்கும் ஒண்ணு' என்பான். மூன்றாமவன் ஊத்தப்பத்தை ரவா தோசையாக மாற்றச் சொல்வான். அந்த சர்வருக்கு உன் மேசை மட்டும் இல்லை, நாலைந்து மேசை இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர் சரக்கு மாஸ்டரிடம் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வர வேண்டும். வடை, பொங்கல் உடனே வரும். ரவா தோசை மெதுவாகத்தான் வேகும். அது தெரிந்து சொன்னால் 'இன்னும் வரலையா' என்று கத்த வேண்டியிருக்காது. கொதிக்கிற சாம்பார் வாளியோடு ஆள் குனியும்போது கையை வீசிக் கதை சொல்லாதே. போதும் என்றால் கரண்டி சாய்வதற்குள் இலைக்கு மேல் கையைக் காட்டு. இலையில் விழுந்தது திரும்ப வாளிக்குப் போகாது. அன்லிமிடெட் சாப்பாடு என்று போர்டில் இருப்பதால் பொரியலை நாலு தடவை வாங்கி மூன்றை அப்படியே மடித்துவிட்டு எழுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

சாப்பிட்ட தட்டிலேயே தண்ணீரை ஊற்றிக் கை கழுவுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். தளும்பத் தளும்ப அதைத் தூக்கிப்போகிற கிளீனரை அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை போலிருக்கிறது. டிஷ்யூவைக் கசக்கிக் காபி டம்ளருக்குள் திணிப்பதும் அதே ரகம். வாஷ்பேசினில் தொண்டையைக் கனைத்துத் துப்புகிறவர்களைப் பற்றி எழுதவே வேண்டாம், பக்கத்து மேசையில் ஒரு குழந்தை சாப்பிட்டுக்கொண்டிருக்கும். பக்கத்து மேசையை நினைத்துப் போனிலும் ஸ்பீக்கர் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இடம் பிடிக்க ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அவர் மோர் சாதத்துக்கு வந்துவிட்டாரா என்று இலையை எட்டிப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். நிற்காதே. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வெளியே நில். அதேபோல் நீ சாப்பிட்டு முடித்த பிறகு ஆட்கள் காத்திருக்கும் நேரத்தில் காலித் தட்டோடு அரட்டை அடிக்காதே. கூட்டமில்லாத நாலு மணிக்கு ஒரு காபியோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு, யாரும் கேட்க மாட்டார்கள்.

எதிர் சீட்டில் தெரியாத ஆள் வந்து உட்கார்ந்தால் முகத்தைச் சுளிக்காதே மாப்பிள்ளை. அந்த எதிர் சீட்டு நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் ஓட்டலையும் உணவகத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதி மதம் பார்த்து யாரையும் தடுக்கக்கூடாது என்று எழுத வேண்டியிருந்தது. அது அமலுக்கு வந்து ஏழு வருஷம் கழித்தும், 1957-இல், திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் 'பிராமணாள்' என்ற பெயர்ப் பலகையை எதிர்த்துப் பெரியார் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. இன்று அந்தப் போர்டு இல்லை. ஆனால் பக்கத்துத் தட்டில் இருக்கிற கறியைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவன் இருக்கிறான். சைவம் என்று சொன்னவனைப் பிடித்து 'ஒரு பீஸ் சாப்பிட்டா செத்தா போயிடுவ' என்று வம்பு பண்ணுகிறவனும் இருக்கிறான். உன் கூட்டத்தில் புரட்டாசி விரதக்காரர், நோன்பு திறக்கிறவர் யாராவது உண்டா என்று முன்னாலேயே கேட்டு இடத்தை முடிவு செய். ஏன், எதற்கு என்று கேட்க வேண்டாம்.

சாப்பாடு சரியில்லை என்றால் சொல்லத்தான் வேண்டும். முதல் வாயிலேயே, மெதுவாக, 'அண்ணே, இது ஊசின மாதிரி இருக்கு, மாத்திக் குடுங்க' என்றால் நல்ல ஓட்டலில் மறுபேச்சு வராது. முக்கால்வாசி தோசையைத் தின்றுவிட்டு மீதியைத் தூக்கிக் காட்டிச் சண்டை போடுகிறவர்களுக்குக் கல்லாவில் நாங்கள் தனிப் பெயரே வைத்திருந்தோம், இங்கே எழுத முடியாது.

பில் வரும். சாதாரண ஓட்டலில் 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டிருந்தால் அது வேறு கதை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அதைக் கட்டாயமாக வசூலிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல். கேட்கவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போடலாம். ஆனால் பேச்சு மேனேஜரிடம். பில்லைக் கொண்டுவந்து வைத்த பையனிடம் பாயாதே, அந்தச் சார்ஜைச் சேர்த்தது அவன் இல்லை.

டிப்ஸ் உன் இஷ்டம். சோம்புத் தட்டில் மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வந்த காலம் ஜிபே வந்ததும் போய்விட்டது. ஸ்கேன் பண்ணி முதலாளி கணக்கில் பணம் விழுகிறது, நின்று பரிமாறியவன் கை காலியாகவே இருக்கிறது. கொடுப்பதாக இருந்தால் தாளாக அவன் கையிலேயே கொடு, கிளீனருக்கும் சேர்த்து. ஏடிஎம்மில் ஐநூறாக வந்தால், போகும்போதே பெட்ரோல் பங்க்கில் மாற்றிக்கொண்டு போ.

அன்புடன்,
மாமா