பொதியும் வழியும்

அன்புள்ள பேத்திக்கு,

நெடுநடைப் பயணம் என்று இக்கடிதத்தில் சொல்லப்படுவது, ஊர்தி எதையும் நாடாமல், பல நாள்கள் தொடர்ந்து, ஊர் கடந்து ஊர் காலால் நடந்து, ஒவ்வோர் இரவும் வேறோர் இடத்தில் தங்கிச் செல்வதாகும். காலையில் உலாவப் போகிறவர் பொழுது ஏறுமுன் வீடு திரும்பிவிடுவார். மலை ஏறுகிறவருக்கு உச்சி என்ற ஒரே குறி உண்டு. நெடுநடை செல்பவருக்கோ வழிதான் எல்லாமும் ஆகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு இது தெரிந்த செய்தியே என்றாலும், அவர்களுக்கு உடன் நடக்கும் கூட்டமும், வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தலும், அன்னதானமும் இருப்பதால், தனியாக நாட்டுப்புறத்தைக் கடப்பவருக்கு நேரும் இடர்களுள் பாதி அவர்களை அண்டுவதில்லை. வரும் விடுமுறையில் தோழியருடன் நடந்து செல்ல எண்ணியிருப்பதாகவும், எடுத்துச் செல்ல வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று தேவை என்றும் நீ எழுதியிருந்தாய். அதற்கு விடையாக, 1878ஆம் ஆண்டில் ஒருவர் எவற்றையெல்லாம் எடுத்துச் சென்றார், அவற்றுள் எவற்றை முதல் நாளே தூக்கி எறிந்தார் என்பதை அறிந்துகொள்வது உனக்குப் பெரிதும் உதவும்.

அவர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். 'புதையல் தீவு' என்ற கதையை எழுதியவர் என்ற அளவில் அவர் பெயரை நீ அறிந்திருப்பாய். ஆனால் அந்தக் கதை வெளிவருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இருபத்தேழு வயதில், குழந்தைப் பருவம் முதல் நலிந்த உடலோடும், மனம் பற்றிய பெண் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்ட துயரோடும், அவர் பிரான்சின் தெற்கிலுள்ள செவென் மலைப்பகுதியை நடந்து கடந்தார். லெ மொனாஸ்தியே என்ற சிற்றூரில் செப்டம்பர் 22ஆம் நாள் தொடங்கிய அந்த நடை, அக்டோபர் 3ஆம் நாள் சான் ழான் து கார் என்ற ஊரில் முடிந்தது. பன்னிரண்டு நாள்களில் அவர் கடந்த தொலைவு 120 மைலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 195 கிலோமீட்டர். மறு ஆண்டே அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இடம் பெற்றது ஒரு கழுதை.

கழுதை ஏன் வேண்டியிருந்தது என்பதிலிருந்தே இடர்களின் கதை தொடங்குகிறது. அந்த மலைநாட்டில் இலையுதிர் காலத்து இரவுகள் குளிர் மிக்கவை; ஒவ்வோர் இரவும் விடுதி கிடைக்கும் என்ற உறுதி இல்லை; எனவே வெட்டவெளியில் உறங்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். கூடாரம் அடிப்பது தொல்லை, பிரிப்பது அதைவிடத் தொல்லை, அது நிற்கும் இடமோ வழிப்போக்கர் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று எண்ணி, உறங்கும் பை ஒன்றைத் தைக்கச் செய்தார். உறங்கும் பை என்பது, உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளத் தக்க, போர்வையும் பாயும் ஒன்றாய்ச் சேர்ந்த உறை. இப்போது கடைகளில் இறகு போன்ற எடையில் கிடைப்பது, அக்காலத்தில் கேட்டுச் செய்துகொள்ள வேண்டிய பொருளாக இருந்தது. வெளிப்புறம் நீர் புகாத பச்சை வண்டித் துணி, உட்புறம் நீல நிறமூட்டிய ஆட்டு மென்மயிர் என்று ஆறடிச் சதுரத்தில் அமைந்த அந்தப் பை, இரவில் படுக்கையாகவும் பகலில் பெட்டியாகவும் பயன்படக்கூடியது. ஆனால் மனிதர் தோளில் சுமக்கத் தக்கதாக இல்லை. பைக்காக ஒரு விலங்கை வாங்க வேண்டியதாயிற்று. பையின் விலை 80 பிராங்கு; மொதெஸ்தீன் என்று அவர் பெயரிட்ட கழுதையின் விலை 65 பிராங்கும் ஒரு குவளை பிராந்தியும். உயிருள்ள துணையைவிட அதன் முதுகில் ஏறிய மூட்டை விலை கூடியது என்ற இந்தக் கணக்கில், பயணத்தின் குறை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று கொள்வது தவறாகாது.

பொதி கட்டுவது ஒரு தொழில். நம் ஊர்களில் வெளுக்கத் துணி கொண்டு சென்றவர்களும், மலையூர்களுக்குச் சரக்கு ஏற்றியவர்களும் கழுதையின் இரு பக்கத்திலும் ஒத்த பாரம் தொங்கும்படி பொதியைப் பிரித்துக் கட்டினார்கள். ஒரு பக்கம் கூடினால் சேணம் நழுவும், நழுவிய சேணம் தோலை அறுக்கும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்த அறிவு. ஸ்டீவன்சனுக்கு அது தெரியாது. முதல் நாளன்றே உசெல் என்னும் சிற்றூரின் நடுவில், ஊரார் பார்த்துக்கொண்டிருக்கையில், சேணமும் மூட்டையும் சுற்றித் திரும்பிக் கழுதையின் வயிற்றுக்குக் கீழே புழுதியில் போய் விழுந்தன. சிதறியவற்றை அவர் திரட்டியபோது சிலவற்றைத் தாமே கையில் தூக்கிக்கொண்டு நடக்க நேர்ந்தது. அன்றே பொதியை அவிழ்த்து, பாலுக்கென்று கொண்டுவந்த வெற்றுப் புட்டியையும், வெள்ளை ரொட்டியையும், சமைத்து ஆறிய ஆட்டுத் தொடைக்கறியையும், அவர் மிகவும் விரும்பி எடுத்துவந்த முட்டை அடிக்கும் கருவியையும் எறிந்துவிட்டார். காட்டு வழியில் முட்டை அடிக்கும் கருவி எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் புறப்படும் நாளுக்கு முந்திய மாலையில், வீட்டுக் கூடத்தில் விளக்கொளியில் பை நிரப்பும் எவருக்கும் அது இன்றியமையாத பொருளாகவே தோன்றும். வீட்டில் இருந்து கொண்டு வழியைக் கற்பனை செய்கிறவர், வழியில் வீட்டை மீண்டும் கட்டுவதற்கு வேண்டியவற்றையே திரட்டுகிறார். பயணத்தில் நேரும் இடர்களுள் பல இவ்வாறு பயணி தம் கையாலேயே கட்டி எடுத்துச் செல்பவை.

அடுத்த இடர், நடையின் வேகம். மொதெஸ்தீன் நகர்ந்த வேகத்தில் ஒரு மனிதர் நடப்பது, ஓடுவதைவிடவும் நிற்பதைவிடவும் களைப்பூட்டியது. ஏனெனில் ஒவ்வொருவர் உடலுக்கும் இயல்பான ஒரு நடைவேகம் உண்டு, அதைக் கூட்டினாலும் குறைத்தாலும் தசைகள் சோர்ந்துவிடும். எதிர்ப்பட்ட உழவர் ஒருவர் ஒரு குச்சியை வெட்டி அதட்டிக் காட்டியபோது விரைந்த கழுதை, அவர் அகன்றதும் பழைய நடைக்குத் திரும்பியது. புஷே சான் நிக்கொலா ஊரில் விடுதிக்காரர் ஒரு தார்க்குச்சி செய்து கொடுத்தார். தார்க்குச்சி என்பது நுனியில் சிறு ஆணியோ ஊசியோ பொருத்திய கோல், நம் வண்டிமாடு ஓட்டுபவர்கள் கையில் இருந்தது போன்றது. அதன் முனை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கே நீண்டிருந்தாலும் மொதெஸ்தீன் வேகமாக நடந்தது. ஆனால் இரண்டொரு நாள் கழித்துப் பார்க்கையில் அதன் முன்கால்களின் உட்புறம் தோல் உரிந்து புண்ணாகியிருந்ததை அவரே எழுதியிருக்கிறார். அப்போதும் அவ்விலங்கின்பால் மனம் இளகவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நூலின் நயத்தில் மகிழும் வாசகர்கள் இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். அவ்வாறு கடக்கக் கூடாது. வழியில் நேரும் தவற்றின் விலையைத் தவறு செய்தவரே கொடுக்கிறார் என்ற உறுதி இல்லை; உடன் வருபவை, உடன் வருபவர்கள், வலுவில் குறைந்தவர்கள் முதலில் கொடுக்கிறார்கள். தோழியருடன் செல்லும் நீ, உங்களுள் மெதுவாக நடப்பவளின் கால்களை மாலைதோறும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

காலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஈரமும் வெப்பமும் உராய்வும் ஒன்றுசேரும்போது தோலின் மேலடுக்கு கீழடுக்கிலிருந்து பிரிந்து, இடையில் நீர் கோத்துக் கொப்புளம் எழுகிறது. எரிச்சல் தோன்றிய முதல் நொடியிலேயே நின்று, காலுறையைக் கழற்றி, உலர்த்தி, உராயும் இடத்தில் ஒட்டுத்துணி போட்டால் கொப்புளம் எழாமலே போகலாம். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிப்போட்டால் மறுநாள் நடை நின்றுவிடும். புதுச் செருப்போ புதுக் காலணியோ பயணத்துக்கு உதவாது.

இருட்டில் வழி தவறுவது நெடுநடையின் பெரிய அச்சம். லாங்கோஞ் ஊரைவிட்டு ஷெய்லார் என்னும் ஊர் நோக்கிச் சென்ற மாலையில், ஸ்டீவன்சன் சதுப்பிலும் மரக்கூட்டத்திலும் பின்னிக் கிடந்த தடங்களில் சிக்கிக்கொண்டார். வழி கேட்டபோது இரண்டு சிறுமியர், பசுக்களைப் பின்தொடரும்படி கேலியாகச் சொல்லி ஒதுங்கினர். ஃபூசிலிக் என்ற குக்கிராமத்தில் முதியவர் ஒருவர் சிறிது தொலைவு வந்து தடத்தில் விட்டார். ஆயினும் இருள் மூடியதும் தடம் மறைந்தது. ஃபூசிலாக் என்ற மற்றொரு குக்கிராமத்தில் கதவைத் தட்டி, பணம் தருவதாகச் சொல்லியும், வீட்டுக்காரர் இருட்டாக இருக்கிறது என்பதையே காரணமாகச் சொல்லி வாசல் தாண்ட மறுத்துவிட்டார். அந்த வட்டாரத்தின் பழம்பெயர் ழெவோதான். 1764 முதல் 1767 வரை ஓநாய் போன்றதொரு கொடுவிலங்கு அங்கே சிறுவரும் பெண்டிருமாக ஏறத்தாழ நூறு பேரைக் கொன்ற நினைவு அந்நாட்டில் வழிவழியாக நின்றிருந்தது. முன்பின் அறியாத ஒருவர் இரவில் வந்து கதவைத் தட்டினால் திறக்காதவரைக் கல்நெஞ்சர் என்று உடனே தீர்மானித்துவிடுவது எளிது. அவர் அஞ்சுவதற்கும் ஒரு வரலாறு இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பதே வழிப்போக்கருக்கு அழகு.

அன்றிரவு அவர் மழை பெய்து காற்று வீசிய மரக்கூட்டத்தில், தாம் இருக்கும் இடம் எதுவென்றே அறியாமல், அந்தப் பைக்குள் நுழைந்து உறங்கினார். விடிந்தபோது உடல் நலிவின்றி, உள்ளம் தெளிந்து, எந்த இடத்தில் கண்விழிக்கிறோம் என்று தெரியாத நிலையே பெரும் மகிழ்ச்சியாக இருந்தது என்று பதிவு செய்கிறார். முந்திய மாலை உதவிய முதியவர், அவர் வெளியில் படுத்ததை அறிந்து பதறி, இம்முறை ஊர் தெரியும் வரை உடன் நடந்தார். இடரும் மகிழ்ச்சியும் தனித்தனிப் பைகளில் வருவதில்லை. அந்த விடியல், வழி தவறிய இரவிலிருந்தே பிறந்தது. ஆயினும் வழி தவறுதல் நல்லது என்று இதிலிருந்து பொருள் கொள்ளக் கூடாது. நீர் புகாத படுக்கையும், மிச்சம் வைத்த உணவும் இருந்ததால் மட்டுமே அந்த இரவு மகிழ்ச்சியில் முடிந்தது. பருத்த பையைப் பற்றி முன்பு சொன்ன குறைக்கு, இந்த ஓர் இரவு தக்க மறுமொழி.

இதன்பின் வந்த நாள்கள் ஊர்களையும் மனிதர்களையும் அவருக்குத் திறந்து காட்டின. சீர்திருத்தக் கிறித்தவ மரபில் வளர்ந்த ஸ்காட்லாந்துக்காரரான அவர், பனி மாதா மடத்தில், பேச்சைப் பெரிதும் அடக்கிக்கொண்டு வாழும் டிராப்பிஸ்டு என்ற கத்தோலிக்கத் துறவியரிடம் விருந்தினராகத் தங்கினார். அதன்பின் பொன் து மோன்வெர் ஊரைக் கடந்தார். 1685இல் பிரெஞ்சு அரசர் சீர்திருத்தக் கிறித்தவருக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்த பின், 1702இல் மலைமக்கள் கிளர்ந்தெழுந்த இடம் அது; காமிசார் எனப்பட்ட அவர்களின் போர் அங்கே ஒரு கத்தோலிக்கக் குருவின் கொலையோடு தொடங்கியது. முந்நூறு பக்க வரலாற்று நூல் ஒன்றில் படிப்பதை, அந்தப் பாலத்தையும் சரிவையும் கடந்த கால்கள் வேறு விதமாக அறிகின்றன. எவ்வளவு ஒடுங்கிய பள்ளத்தாக்கில், எவ்வளவு குறைவானோர், எவ்வளவு பெரிய படையை எதிர்த்தார்கள் என்பது மூச்சிரைப்பில் விளங்குகிறது.

மகிழ்ச்சிகளுள் தலையாயது, லொஸேர் மலைச்சரிவில் ஊசியிலை மரங்களுக்கிடையே கழிந்த இரவு. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே ஒரு பொழுதில், வெளியில் கிடக்கும் உயிர்கள் எல்லாம் ஒருமுறை புரண்டு விழிக்கின்றன என்றும், கூரைக்கடியில் உறங்குவோர் அதை அறிவதில்லை என்றும் அவர் கண்டார். வயற்காவலுக்குக் களத்தில் படுத்துப் பழகிய நம் உழவர்களும், கிடை மறிக்கும் கீதாரிகளும் இதை அறிவார்கள். ஆடுகளை இரவில் வயலில் கூட்டி அடைத்து உரம் சேர்ப்பது கிடை. அதை நடத்தும் மேய்ப்பர் கீதாரி. விண்மீன்களின் கீழ் அந்த இரவில் அவருக்கு இருந்த ஒரே குறை, விரும்பியவள் அருகில் இல்லை என்பது. காலையில் புறப்படும்போது, தங்கிய இடத்துக்குக் கூலியாகப் புல்தரையில் நாணயங்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே நடந்தார். காசை அங்கே பெற்றுக்கொள்ள யாரும் இல்லை. ஆயினும் நிலம் தனக்கு இடம் கொடுத்தது என்ற உணர்வை இதைவிட நேராகச் செய்துகாட்டிய பயணி அரிது.

தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கஷ்கொட்டை மரங்கள் நிற்கும் படிக்கட்டு நிலங்களில், ஒரு படியில் தாமும் மற்றொரு படியில் மொதெஸ்தீனுமாகப் படுத்த இரவு அவ்வளவு இனிதாக இல்லை. எறும்புகளும், சருகுக்குள் எழுந்த விளங்காத சலசலப்பும் உறக்கத்தைக் கெடுத்தன. இரவுகள் எல்லாம் ஒன்று போல அமைவதில்லை.

சான் ழான் து கார் அடைந்ததும், கழுதையைப் பார்த்த குதிரைலாயக்காரர், இரண்டு நாளாவது ஓய்வின்றி அது நடக்கத் தகாது என்றார். தமக்கு வந்து காத்திருக்கும் கடிதங்களை அலெஸ் நகரில் பெற விரைந்த ஸ்டீவன்சன், மொதெஸ்தீனைச் சேணத்தோடு 35 பிராங்குக்கு விற்றுவிட்டு வண்டி ஏறினார். வண்டியில் அமர்ந்த பிறகே இழப்பு உறைத்தது. தம் கையிலிருந்து உண்ட அந்த உயிரை நினைத்து அவர் அழுதார். அந்தக் கண்ணீர் உண்மையானது என்பதில் ஐயமில்லை. இரண்டு நாள் காத்திருந்தால் அது தேவைப்பட்டிராது என்பதும் உண்மை.

அவர் நடந்த வழி இன்று வெள்ளை-சிவப்புக் கோடுகளால் குறியிடப்பட்டு, இருமுனையிலும் நீட்டப்பட்டு, ஏறத்தாழ 270 கிலோமீட்டர் நீளும் நடைபாதையாக அவர் பெயரிலேயே வழங்குகிறது. வாடகைக்குக் கழுதை அமர்த்திக்கொண்டு நடப்பவர்களும் உண்டு.

நீ கேட்ட பட்டியலைக் கொடுக்காமல் இக்கடிதம் முடிவதற்குக் காரணம், அதை உன் முதுகே எழுத வேண்டும் என்பதுதான். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, வேண்டும் என்று தோன்றுவதையெல்லாம் பையில் நிரப்பி, அதை மாட்டிக்கொண்டு, தோழியரையும் அழைத்துக்கொண்டு, கண்மாய்க்கரை முழுவதும் ஒரு காலைப்பொழுது நடந்து பார். திரும்பி வந்து பையைத் தரையில் கொட்டி, முட்டை அடிக்கும் கருவி எதுவென்று கண்டுபிடித்து வெளியே எடுத்து வை. எதை எடுத்து வைத்தாய் என்று மறவாமல் எழுது.

அன்புடன்,
தாத்தா